முதலில் கேட்பவர் யார்? குழந்தை வன்கொடுமை விசாரணையில் காவல் துறையும் நலத் துறையும்: எளாவூர் வட்டாரத்தை முன்வைத்து (1920–2025)

சென்னை – கூடூர் இருப்புப் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் இடையே அமைந்த ஊர் எளாவூர். ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடி, தேசிய நெடுஞ்சாலை, சிப்காட் தொழிற்பேட்டை, பிற மாநிலத் தொழிலாளர் குடியிருப்புகள், கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் எனப் பலதரப்பட்ட மக்கள் வந்து கூடும் வட்டாரம் இது. குழந்தை மீதான வன்கொடுமை குறித்த புகார் இங்கு எழும்போது அது பெரும்பாலும் காவல் நிலையத்தையே முதலில் சென்றடைகிறது. சட்டமோ, அப்புகாரைக் காவலரும் நலப் பணியாளரும் சேர்ந்து கையாள வேண்டும் என்று படிப்படியாக வற்புறுத்தி வந்துள்ளது. குழந்தையின் சொல்லை முதலில் கேட்பவர் அவ்விருவருள் எவர் என்பது மட்டும் நடைமுறையில் தீர்க்கப்படாமலே உள்ளது. அச்சிக்கலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்பகம் முதல் குழு வரை

இந்திய மாகாணங்களுள் குழந்தைகளுக்கென முதலில் தனிச்சட்டம் இயற்றியது சென்னை மாகாணமே. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டத்தைத் தொடர்ந்தே வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்தன. எளாவூர் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் 1887 முதலே சீர்திருத்தப் பள்ளி இயங்கியது. குற்றம் செய்த சிறுவனும் ஆதரவற்ற சிறுவனும் ஏறத்தாழ ஒரே கண்ணால் நோக்கப்பட்ட காலம் அது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்நோக்கின் சாயலைக் காணலாம். ஆபத்தான சூழலில் வாழும் குழந்தையைக் காவலர் நீதிமன்றத்தின் முன் நிறுத்துவார். நீதிமன்றம் அதனைச் சான்று பெற்ற பள்ளிக்கு அனுப்பும். குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காட்டிலும் குழந்தையை எங்கு வைப்பது என்பதே அச்சட்டத்தின் முதன்மைக் கவலை.

1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இவ்வகையில் பெரிதும் மாறவில்லை. உண்மையான திருப்பம் 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தோடு வந்தது. குழந்தைகள் நலக் குழு, சிறப்புச் சிறார் காவல் பிரிவு என்னும் இரு அமைப்புகள் அதன்வழித் தோன்றின. 2015ஆம் ஆண்டுச் சட்டம் நலக் குழுவில் தலைவரோடு நான்கு உறுப்பினர் இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் வேண்டும் என்றும், சிறப்புப் பிரிவில் இரு சமூகப் பணியாளர் இடம்பெற வேண்டும் என்றும் விதிக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக மற்றொரு மரபும் வளர்ந்திருந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் மாநிலமெங்கும் அவை பரவின. பெண்கள் தயக்கமின்றிப் புகார் அளிக்க இவை வழிவகுத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் அன்றாடப் பணி குடும்பத் தகராறும் வரதட்சணைப் புகாருமே. இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடித்துவைக்கும் அப்பழக்கம் குழந்தையின் புகாருக்குச் சற்றும் பொருந்தாதது. பிற்காலத்தில் போக்சோ வழக்குகள் பலவும் இந்நிலையங்களையே வந்தடைந்தன என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

2012ஆம் ஆண்டுச் சட்டமும் வாக்குமூலமும்

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, வினவப்பட்ட 12,447 குழந்தைகளுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதாகத் தெரிவித்ததைப் பதிவு செய்தது. அதன் பின்புலத்தில் எழுந்த போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 24ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும். 26ஆம் பிரிவு பெற்றோர் அல்லது குழந்தையின் நம்பிக்கைக்குரியவர் உடனிருக்க வேண்டும் என்கிறது. 24 மணி நேரத்திற்குள் நலக் குழுவிற்கும் சிறப்பு நீதிமன்றத்திற்கும் தகவல் செல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி நலக் குழு குழந்தைக்கு ஓர் ஆதரவு நபரை அமர்த்தலாம். அவர் விசாரணை முதல் தீர்ப்பு வரை உடன் வருவார். இவ்வாய்ப்பை எல்லா வழக்குகளிலும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வலியுறுத்தியது.

ஏட்டளவில் இவ்வேற்பாடு குறையற்றதாகவே தோன்றும். ஆனால் நலக் குழுவிற்குச் செல்வது தகவல். வழக்குக் கோப்பு காவலரிடமே தங்குகிறது. தகவல் சென்றடைவதற்குள் குழந்தை ஒருமுறையேனும் தன் கதையைக் காவலரிடம் சொல்லி முடித்திருக்கும். பின்னர் மருத்துவரிடமும் நடுவரிடமும் மீண்டும் சொல்லும்.

2024இல் சென்னை அண்ணா நகரில் பத்து வயதுச் சிறுமியின் வழக்கில் இக்குறை வெளிப்படையாகத் தெரிந்தது. புகார் அளிக்கச் சென்ற பெற்றோர் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலேயே தாக்கப்பட்டதாக முறையிட்டனர். சிறுமி பேசிய பதிவு பொதுவெளியில் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 அக்டோபர் 1 அன்று வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு மாற்றாகச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 2025 ஜனவரியில் அந்நிலையத்தின் ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். குழந்தையைக் காக்க வகுக்கப்பட்ட பதிவே குழந்தைக்கு எதிரான பொருளாயிற்று.

இங்கிலாந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1987இல் கிளீவ்லாந்தில் மருத்துவரும் சமூகப் பணியாளரும் காவல் துறையோடு ஒத்துப்போகாமல் விரைந்து செயற்பட்டுக் குழந்தைகள் பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததே அங்கு நெருக்கடிக்குக் காரணம். 1988ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை மீண்டும் மீண்டும் வினவப்படும் துன்பத்தைக் கண்டித்தது. காவலரும் சமூகப் பணியாளரும் இணைந்து காணொலியில் பதிவு செய்யும் நேர்காணலுக்கான வழிகாட்டி 1992இல் அங்கு வெளியாயிற்று.

எல்லையோர வட்டாரத்தின் நடைமுறை

2025 ஜூலை 12 அன்று எளாவூரை அடுத்த ஆரம்பாக்கம் பகுதியில், பள்ளி முடிந்து சென்ற சிறுமி ஒருத்தி பட்டப்பகலில் வன்கொடுமைக்கு உள்ளானாள். கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கொண்டு தனிப்படைகள் தேடின. ஜூலை 25 அன்று சந்தேகத்திற்குரியவர் பிடிபட்டார். இடைப்பட்ட இரு வாரங்களில் பொதுவெளியில் எழுந்த ஒரே கேள்வி ‘இன்னும் பிடிக்கவில்லையா?’ என்பதே. அக்கேமராப் பதிவில் குற்றவாளியெனக் கருதப்பட்டவரோடு சிறுமியும் இருந்தாள். தொலைக்காட்சிகள் அதனைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் 23ஆம் பிரிவு அந்நாள்களில் எவராலும் பெரிதாக நினைக்கப்படவில்லை. நலக் குழுவோ ஆதரவு நபரோ செய்திகளில் இடம்பெறுவது அரிது. கைது கண்ணுக்குப் புலப்படும் செயல், உடனிருத்தல் அவ்வாறன்று.

கைதுக்குப் பின்னரே நெடும்பயணம் தொடங்குகிறது. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் உருவானபோது தலைநகர் அரக்கோணம் இருப்புப் பாதையில் அமைந்தது. எளாவூர் கூடூர் பாதையில் உள்ளது. ஆகவே ரயிலில் திருவள்ளூர் நீதிமன்றம் செல்லும் தாயும் மகளும் சென்னை வரை வந்து வண்டி மாறி மீண்டும் மேற்கே செல்ல வேண்டும். தாய் தொழிற்பேட்டையில் நாட்கூலி பெறுபவராயின், ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி இழப்பு.

மொழி மற்றொரு தடை. மாவட்டத்தின் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவோர் பணிபுரிகின்றனர். ஒடியா பேசும் குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று 26, 38ஆம் பிரிவுகள் கூறுகின்றன. குழந்தையின் சாட்சியத்தை 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 35ஆம் பிரிவும் கூறுகிறது. ஆனால் அக்கெடு நீதிமன்றம் வழக்கை ஏற்ற நாள் முதலே எண்ணப்படுகிறது. சூளை மழைக்கு முன் மூடப்படும். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அக்குடும்பம் இங்கேயே இருக்கும் என்று சட்டம் கருதிக்கொள்கிறது.