மாட்டின் மூச்சில் கப்பலேறியது

1853-இல் ஹாலந்திலிருந்து வந்த கப்பல் ஒன்று தென்னாப்பிரிக்காவின் மோசல் பே துறைமுகத்தில் சில ஃபிரீசியக் காளைகளை இறக்கியது. உள்ளூர் மந்தையின் தரத்தை உயர்த்தலாம் என்று வெள்ளைக் குடியேறிகள் காசு கொட்டி வரவழைத்த உயர்சாதிக் காளைகள் அவை. இரண்டு மாதம் கடலில் கிடந்தும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றின் மார்புக்கூட்டுக்குள் சீட்டு வாங்காத பயணி ஒன்றும் வந்து இறங்கியது. இன்று அதை மைக்கோபிளாஸ்மா மைக்காய்ட்ஸ் என்கிறோம். அன்று அதற்குப் பெயரில்லை. அது உண்டாக்கிய நோய்க்கு மட்டும் பெயர் இருந்தது: நுரையீரல் நோய்.

பயணியின் உடற்கட்டைச் சொல்லிவிட வேண்டும். பாக்டீரியா என்றால் பொதுவாக மேலே கெட்டியான சுவர் இருக்கும். மைக்கோபிளாஸ்மா குடும்பத்துக்கு அது கிடையாது. வெறும் மெல்லிய சவ்வுதான். ஆய்வகத் தட்டில் வளர்த்தால் அதன் கூட்டம் அச்சு அசல் ஆஃப்பாயில் மாதிரி இருக்கும். நடுவில் மேடு, சுற்றிலும் வெள்ளை விளிம்பு. சுவரில்லாததால் வெயிலோ வறட்சியோ பட்டால் அதிக நாள் தாங்காது. மண்ணில் காத்திருக்கவும் வழியில்லை. நோயுற்ற மாடு இருமும்போது தெறிக்கும் ஈரத்தில் ஏறி, பக்கத்து மாட்டின் மூக்குக்குள் போனால்தான் பிழைப்பு. இத்தனை பலவீனமான ஒன்று கண்டம் விட்டுக் கண்டம் போனதென்றால், மனிதன் தூக்கிக்கொண்டு போனான் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

அதனிடம் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, உள்ளே நுழைந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அடையாளமே காட்டாது. இரண்டு, மாடு தேறிய பிறகும் நுரையீரலின் செத்துப்போன துண்டு ஒன்று கூடுகட்டி உள்ளே தங்கிவிடும். அதற்குள் கிருமி உயிரோடு இருக்கும். சந்தையில் விலை பேசுகிறவன் கண்ணுக்கு அது நல்ல மாடு.

மோசல் பே இருந்த கேப் காலனியில் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மாடுகள் செத்ததாகச் சொல்வார்கள். அங்கே சரக்குப் போக்குவரத்து முழுக்க எருது பூட்டிய வண்டிகளில்தான். எருதுகள் போன தடமெல்லாம் நோயும் போனது. 1855-இல் கோசா மக்களின் மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்தது. மாடுதான் அவர்களுக்குச் செல்வம், பரிசம், படையல். ஆங்கிலேயரோடு நடந்த கடும்போரில் தோற்று மூன்று ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது.

1856 ஏப்ரலில் க்ஸாரா ஆற்று முகத்துவாரத்தின் அருகே வயலில் பறவை விரட்டிக்கொண்டிருந்த நோங்கவுசே என்ற பதினைந்து வயதுப் பெண், முன்னோர்கள் தன்னிடம் பேசியதாக வீட்டில் வந்து சொன்னாள். இருக்கிற மாடெல்லாம் கறைபட்டவை, அவற்றை அறுத்துவிடுங்கள், விதைக்காதீர்கள், செத்தவர்கள் புது மந்தைகளோடு எழுந்து வருவார்கள். அரசர் சரீலி நம்பினார். பெரும்பாலோர் நம்பினார்கள். நாள் குறித்துக் காத்திருந்தார்கள். 1857 பிப்ரவரி 18 அன்று சூரியன் எப்போதும்போல உதித்து எப்போதும்போல மறைந்தது. அதற்குள் ஏறத்தாழ நான்கு லட்சம் மாடுகள் அறுபட்டிருந்தன. பட்டினியில் 40,000 பேர் வரை மடிந்தார்கள். எஞ்சியவர்களில் பலரைக் கவர்னர் ஜார்ஜ் கிரே காலனியின் பண்ணைகளுக்குக் கூலிகளாக அனுப்பினார். நிலம் பெருமளவு வெள்ளையர் கைக்குப் போனது.

இதை மூடநம்பிக்கைக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கண்ணெதிரே மந்தை மூச்சுத்திணறிச் சாகிறது, காரணம் யாருக்கும் தெரியவில்லை. இருக்கிற மாடு கறைபட்டது என்று ஒரு பெண் சொன்னது, பாதியளவில் உண்மையும்கூட.

மற்ற பயணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1843-இல் புரூக்ளின் பால்காரர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலில் ஒரு பசு வாங்கினார். நோய் அமெரிக்காவில் இறங்கியது. அதை ஒழிக்கவே 1884-இல் கால்நடைத் தொழில் செயலகம் என்று தனியாக ஓர் அரசு அமைப்பு உருவாக்கினார்கள், 1892-இல் ஒழித்தும்விட்டார்கள். 1858-இல் மெல்போர்னில் இறங்கியது. ஆஸ்திரேலியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருந்தில்லாத காலத்தில் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் சாராயம் வடிக்கும் ஊர். வடித்து மிஞ்சிய தானியச் சக்கையைத் தின்று கொழுத்த மாடுகள் அங்கே கொட்டில்களில் நெருக்கமாக நின்றன. நோய்க்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சாராய வடிப்பாளர் ஒருவரின் மகனான மருத்துவர் லூயி வில்லெம்ஸ், நோயுற்ற நுரையீரலின் நீரை எடுத்து நல்ல மாட்டின் வால் நுனியில் குத்தி ஏற்றினார். 1852-இல் முடிவை வெளியிட்டார். வால் வீங்கும், சிலவற்றுக்கு அறுந்தே விழும். பிழைத்த மாட்டை நோய் அண்டாது. மேற்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களோ தங்கள் வழியில் மூக்குத்தண்டின் மேல் கீறி இதையே செய்துவந்தார்கள். அந்த இடத்தில் சில மாடுகளுக்கு எலும்பு புடைத்து வளரும். அதைப் பார்த்த பிரெஞ்சு இயற்கையியலாளர் ஒருவர், மூன்று கொம்பு மாடு என்று புது இனமாகவே எழுதிவைத்தார்!

பயணியை முதலில் கண்ணால் பார்த்தது 1898-இல், பாரிஸில். ஆய்வாளர்கள் நோக்காரும் ரூவும் நோய்நீரைக் குழம்பில் கலந்து, கொலோடியன் என்ற மெல்லிய சவ்வாலான பைக்குள் அடைத்து, முயலின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார்கள். இரண்டு, மூன்று வாரங்களில் குழம்பு மங்கலானது. நுண்ணோக்கியில் மினுங்கும் புள்ளிகள் தெரிந்தன, அவ்வளவுதான். வடிகட்டியில் சிக்காத இந்தக் குடும்பம் பிறகும் பலரை ஏமாற்றியது. 1944-இல் ஆய்வாளர் மன்ரோ ஈட்டன் மனித நுரையீரல் அழற்சியில் கண்டெடுத்த கிருமியை வெகுகாலம் வைரஸ் என்றே நினைத்தார்கள். அதுவும் மைக்கோபிளாஸ்மாதான் என்று 1962-இல் தெரிந்தது. இன்றும் இந்த நுரையீரல் அழற்சிக்குப் பென்சிலின் கொடுத்துக் கேட்காமல் போவதுண்டு. சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கும் மருந்து, சுவரே இல்லாததை என்ன செய்யும்?

1995-இல் மாட்டு நுரையீரல் நோய் நமீபியாவிலிருந்து எல்லை கடந்து போட்ஸ்வானாவின் ங்காமிலாண்ட் மாவட்டத்துக்குள் வந்தது. அரசு அந்த மாவட்டத்தின் மாடுகள் முழுவதையும், ஏறத்தாழ 3,20,000, சுட்டுப் புதைத்தது. எண்ணிக்கையில் கோசா கதைக்கு அதிகத் தூரமில்லை. இந்த முறை சொன்னது கால்நடைத் துறை, நஷ்டஈடும் உண்டு.

2010-இல் விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் வேதிப்பொருள்களால் கட்டி, வேறோர் உயிரணுவுக்குள் ஏற்றி இயங்க வைத்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது இதே இனத்தின் ஆட்டு வகையை. ஆட்டுக் கிருமிகளோடு நெருங்கிய உறவுடையதுதான் மாட்டு வகையும்.

ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இன்றும் அந்த மாட்டு வகை மந்தையோடு நடக்கிறது. அதை எதிர்க்க அனுப்பப்படுவதும் அதன் வாரிசுதான். தாங்கனிக்கா மாடொன்றிலிருந்து எடுத்து, கோழி முட்டைக்குள் 44 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாந்தப்படுத்திய உயிர்த் தடுப்பூசி அது. உலரவைத்துக் குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் மேய்ச்சல் காட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் ஐஸ் உருகினால் குப்பிக்குள்ளேயே செத்துவிடும்.