நாம் இருவர், கத்தி ஒருவருக்கு

கணபதியில் எங்கள் வீட்டருகே ஒரு சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்தது. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்த வயது எனக்கு. எங்கள் வீட்டு இருவரில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டது அம்மா மட்டும். அதுவும் தம்பி பிறந்த பிறகுதான். அப்பா ஏன் செய்துகொள்ளவில்லை என்று பின்னாளில் கேட்டேன். “உங்கப்பா மில்லுக்குப் போகோணுமில்ல கண்ணு” என்றார். அம்மாவும் அதே மில்லுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77இல் மட்டும் சுமார் 80 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலோர் ஆண்கள். வட இந்தியாவில் சம்பளத்தையும் வீட்டுமனையையும் காட்டி மிரட்டினார்கள். 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். அதன்பின் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ என்று மாறியது. கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது.

2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை செய்தார்கள். 13 பெண்களாவது இறந்தார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான தம்பதிகளில் மனைவி கருத்தடை அறுவை செய்துகொண்டது 37.9 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணின் அறுவைதான் எளிது, ஆபத்தும் குறைவு.

1980 முதல் 2015 வரை நீடித்த சீனாவின் ஒரு குழந்தைக் கொள்கையை வகுப்பில் சொன்னால் மாணவிகள் அதிர்ந்துபோகிறார்கள். அங்கே அரசாணையாக வந்தது, நம் வீடுகளில் பழக்கமாக வந்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். மறுநாள் வகுப்பு அமைதியாக இருக்கிறது.