ஒரு கன்று, அறுபது ஆண்டு: தென்னை ரகம் தெரிவதற்கு முன்

2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது, சிலாபத்தில் நாங்கள் எல்லோரும் விலையைப் பற்றியே பேசினோம். கன்றைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் அடுத்த அறுபது ஆண்டு விளைச்சலைத் தீர்மானிப்பது இன்று நடும் கன்றுதான்.

இந்தக் கன்றுகளை மேம்படுத்தும் வேலை எங்கள் மாவட்டத்திலேயே நடக்கிறது. சிலாபத்துக்குத் தெற்கே லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் 1929.

தென்னையில் புதிய ரகம் உருவாக்குவது மெதுவான வேலை. சோயா மூன்று, நான்கு மாதத்தில் விளைந்துவிடும். அதனால் கனடா, சுவீடன் ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, குறுகிய கோடைக்குள் முற்றும் சோயா ரகங்களை உருவாக்க முடிந்தது. நெட்டைத் தென்னையோ பூக்கவே ஆறேழு ஆண்டு எடுக்கும். அது பிற மரங்களின் மகரந்தத்தையும் ஏற்கும். நன்றாகக் காய்க்கும் மரத்தின் தேங்காயை முளைக்கவைத்தாலும், தந்தை மரம் எதுவென்று தெரியாது.

இதற்கு விடையாக 1955இல் புத்தளம் மாவட்டத்தின் அம்பகெலேயில் காடு சூழ்ந்த இடத்தில் ஒரு விதைத் தோட்டம் அமைத்தார்கள். வெளி மகரந்தத்தைக் காடு தடுக்கும். குட்டை மரப் பாளையின் ஆண் பூக்களை முன்கூட்டியே அகற்றிவிட்டால், பெண் பூக்கள் அங்குள்ள தெரிந்தெடுத்த நெட்டை மரங்களின் மகரந்தத்தை ஏற்கும்.

இவ்வாறு பெற்றோரை அறிந்து கலந்த ரகங்களில் சி.ஆர்.ஐ.சி. 60 நெட்டையும் நெட்டையும் சேர்ந்தது. சி.ஆர்.ஐ.சி. 65 பச்சைக் குட்டையும் நெட்டையும் சேர்ந்தது. விரைவில் காய்க்கும், நிறையக் காய்க்கும், ஆனால் வறட்சியைத் தாங்காது. பின்னர் பிலிப்பைன்ஸின் சான் ரமோன் நெட்டையைக் கலந்து கப்ருவன, கப்சுவய ரகங்கள் வந்தன.

இங்கே வறட்சிதான் முக்கியம். சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிப் போகப்போக மழை குறைகிறது. பாளை வெடித்த முதல் சில மாதங்களில் வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் குரும்பை கொட்டும். காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆவதால், இந்த ஆண்டு வறட்சியின் இழப்பு அடுத்த ஆண்டு சந்தையில் தெரியும்.

ஆகவே கன்று வாங்கும்போது விலைக்கு முன் ரகத்தின் பெயரையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். நீர் பாய்ச்ச வசதியில்லாத மணல் காணிக்குக் குட்டைக் கலப்பைத் தெரிய வேண்டாம். கலப்பு மரத்தின் தேங்காயை மீண்டும் விதைக்கவும் வேண்டாம். அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும்.