கடலடி சேரும் நுண்ணுயிர்கள்

ஆழ்கடலின் அடித்தளத்தில் பல இடங்களிற் பரந்து கிடக்கும் வெண்சேற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து நோக்கினால், அதிற் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் ஓடுகளே என்பது புலப்படும். இவ்வுயிர்கள் அடித்தளத்திலேயே வாழ்ந்து மடிந்தனவா, அன்றி மேற்பரப்பில் வாழ்ந்து கீழே வீழ்ந்தனவா? 19-ஆம் நூற்றாண்டின் அறிஞர்களைப் பிரித்து வைத்த வினா இது.

1872-ஆம் ஆண்டு டிசம்பரில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தினின்று புறப்பட்ட 'சாலஞ்சர்' கப்பலின் விஞ்ஞானத் தலைவர் வைவில் தாம்சன் முதற் கருத்தையே கொண்டிருந்தார். உடன் சென்ற ஜான் மரே, மெல்லிய வலைகளை மேற்பரப்பு நீரில் இழுத்துப் பார்த்தார். அடியிற் கண்ட ஓடுகளுக்குரிய உயிர்கள் அவ்வலைகளில் உயிருடன் அகப்பட்டன. சான்றைக் கண்ட தாம்சன் தம் கருத்தைக் கைவிட்டார். தம்மினும் இளையவர் காட்டிய உண்மைக்குத் தலைவணங்கிய அப்பண்பை நாம் போற்றாதிருக்க இயலாது. நீரோடு அலையும் இத்தகைய உயிர்களுக்கு ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன் 1887-இல் 'பிளாங்க்டன்' எனப் பெயரிட்டார். அலைந்து திரிவது என்பது அதன் கிரேக்க மூலத்தின் பொருள்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சிற்று. அசையாத நீரில் சிறு உருண்டை எவ்வளவு விரைவாக அமிழும் என்பதை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இலேயே கணித்திருந்தார். விட்டம் பாதியானால் வேகம் காற்பங்காகும். இக்கணக்கின்படி, மிகச் சிறிய உயிரணு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மீட்டரே இறங்கும். 4,000 மீட்டர் ஆழத்தை அடையப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அது சிதைந்து கரைந்துவிடும் அன்றோ?

கடல்நீர் அசையாது நிற்பதன்று. அதன் கொந்தளிப்பிலேயே விடையின் ஒரு பகுதி இருந்தது. சுழிகளால் உந்தப்படும் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று மோதி, பிசினால் ஒட்டித் திரளாகின்றன. திரள் பெரிதாகவே வேகமும் மிகுகின்றது. சிறு கடற்பிராணிகளின் கழிவுருண்டைகளிற் சிக்கியும் பல விரைந்து இறங்குகின்றன. நீரினுள் வெண்துகள்களாய் வீழும் இத்திரள்களை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சுசுகியும் கத்தோவும் 1953-இல் 'கடற்பனி' என்றழைத்தனர். தனித்த துகளும், சுழிகளில் நீர் கீழ்நோக்கிப் பாயும் பக்கமாக ஒதுக்கப்படுவதால், நிலைத்த நீரினும் விரைந்து அமிழக்கூடும் என்று மாக்ஸி 1987-இற் கணித்துக் காட்டினார். நுண்பாசிகளிலும் அவ்வாறே நிகழ்வதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டனர்.

காற்றிலுள்ள கரியமிலவாயுவின் கரியை இந்நுண்ணுயிர்கள் உடலாக்கிக் கொள்கின்றன. அதில் எவ்வளவு ஆழத்தே தங்கும், எவ்வளவு மீண்டும் காற்றில் கலக்கும் என்பது இவை இறங்கும் வேகத்தைப் பொறுத்தது. பூமியின் வெப்பத்தைக் கணிப்போர் இன்றும் இச்சிறு வீழ்ச்சியைக் கருத்துடன் அளந்துவருவது அதனாலேயாம்.