ஐந்து எண்களுக்குள் ஒரு புயல்

2018 நவம்பர் 16, அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா, அப்படியே மேற்கே திரும்பி புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு. பலாவும் தென்னையும் வாழையுமாக இருந்த பூமி. விடிந்து பார்த்தால் தோப்புகள் படுத்துக் கிடந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது.

தமிழ்நாட்டில் 45 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் முகாம்களில் இருந்தார்கள். எப்படி? முன்கூட்டியே தெரிந்திருந்ததால்.

எப்படித் தெரிந்தது என்பதுதான் கதை.

கஜா நம்மூர்ச் சரக்கு இல்லை. அதன் பூர்வீகம் தாய்லாந்து வளைகுடா. நவம்பர் 8-ம் தேதி வாக்கில் அங்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வாகக் கிளம்பி, மலாய் தீபகற்பத்தைத் தாண்டி, அந்தமான் கடல் வழியாக வங்கக் கடலுக்குள் வந்து, 11-ம் தேதி புயலானது. வட தமிழகத்துப் பக்கம் போகும் என்றுதான் முதலில் சொன்னார்கள். புதுப் புது அளவீடுகள் வரவர, கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று கீழே இறக்கினார்கள். அந்த அளவீடுகளில் பல, நம்முடையவை அல்ல. அண்டை வீட்டுக்காரர்கள் கொடுத்தவை.

ஒரு நாட்டின் வானிலையை இன்னொரு நாட்டுக்கு எப்படிக் கொடுப்பது? அதிலும் அவசரமாக?

ஆரம்பத்தில் தந்திதான் வழி. 1864-ல் கல்கத்தாவைத் தாக்கிய புயல் சுமார் 60 ஆயிரம் பேரைக் கொன்றது. அடுத்தடுத்துப் பஞ்சங்களும் வந்தன. இனியும் சும்மா இருக்க முடியாது என்று 1875-ல் இந்திய வானிலைத் துறையை ஆரம்பித்தார் வெள்ளைக்காரர். முதல் தலைமை, ஹென்றி பிளான்ஃபோர்டு. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1873-ல், பல நாட்டு வானிலைக்காரர்கள் வியன்னாவில் கூடி ஒரு சங்கதியை ஒப்புக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி அளப்போம், அளந்ததைப் பகிர்ந்துகொள்வோம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் தந்தி ஓசியில் போகாதே. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. 'இங்கே மேகமூட்டமாக உள்ளது, வெப்பம் சற்றே அதிகம்' என்று கடுதாசி மாதிரி எழுதினால் கஜானா காலி. ஆகவே சுருக்கினார்கள். எவ்வளவு தெரியுமா? ஐந்து எண்களுக்கு!

உதாரணம் பாருங்கள். 43347, 10284, 40082.

43347 என்றால் நாகப்பட்டினம். 10284-ல் முதல் 1, 'இது வெப்பநிலை' என்று சொல்கிறது. அடுத்த 0, 'பூஜ்யத்துக்கு மேலே' என்கிறது. மிச்சம் 284, அதாவது 28.4 டிகிரி. 40082-ல் முதல் 4, காற்றழுத்தம். அழுத்தம் 1008.2 மில்லிபார். ஆயிரத்தின் '1' எங்கே போயிற்று? விட்டுவிட்டார்கள். கடல் மட்டத்தில் அழுத்தம் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியுமே, அதற்கு எதற்கு ஓர் இடம் தண்டமாக? காசை எண்ணிச் செலவழிப்பவன் புத்தி இது. பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் தனி மரியாதை உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தின் எண் 43404. கொழும்பு 43466. மாலத்தீவின் மாலே 43555. தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு எல்லாம் ஒரே 43. வானிலைக்காரர்களின் கணக்கில் நாமெல்லாம் ஒரே தெருவாசிகள்.

சரி, நிஜமான சிக்கலுக்கு வருவோம். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அளந்தால்தான் படம் ஒழுங்காக வரும். நம்மூரில் காலை ஐந்தரை என்றால் பாங்காக்கில் ஏழு மணி. இரண்டு இடத்திலும் அந்த நிமிடத்தில்தான் அளக்கிறார்கள். அப்படியானால் என்ன ஆகும்? அதுவரை காற்று வாங்கிக்கொண்டிருந்த கம்பியில், அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஏறப் பார்ப்பார்கள். பொங்கலுக்கு முந்தின ராத்திரி புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் கோயம்பேட்டில் நின்ற கூட்டம் நினைவிருக்கிறதா? அதேதான். பஸ் எத்தனை விடுவது என்பதைச் சாதாரண செவ்வாய்க்கிழமையை வைத்து முடிவு செய்ய முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. பழைய டெலிபிரிண்டர் நிமிடத்துக்குச் சுமார் 66 சொல் அடிக்கும். ஓர் ஊரின் வானிலைக்கு 11 ஐந்தெண் கொத்து என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஆறு ஊர். ஆயிரம் ஊருக்கு? கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதற்குள் புயல் எங்கோ போயிருக்கும்.

இதற்கு வழி பிறந்த காலம்தான் விசித்திரம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலம். 1961 செப்டம்பரில் ஐ.நா. சபையில் பேசிய கென்னடி, வானிலைக் கணிப்பில் நாடுகள் சேர்ந்து வேலை பார்க்கலாம் என்றார். திட்டம் போட உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். அமெரிக்காவின் ஹாரி வெக்ஸ்லர். சோவியத்தின் விக்டர் புகாயேவ். அதே 1962-ல்தான் கியூபாவை வைத்து இரு நாடுகளும் அணுகுண்டுப் போரின் விளிம்புவரை போய்வந்தன. ஆனாலும் 1963-ல் 'உலக வானிலைக் கண்காணிப்பு' பிறந்துவிட்டது. வாஷிங்டன், மாஸ்கோ, மெல்போர்ன் மூன்றும் உலக மையங்கள். இவற்றையும் டோக்கியோ, கெய்ரோ, நம் டெல்லி போன்ற நகரங்களையும் இணைத்து ஒரு பெருந்தடம். அதிலிருந்து கிளை பிரிந்து சின்ன நாடுகளுக்கு. ஒரு பக்கம் அறுந்தால் இன்னொரு பக்கமாகச் சுற்றி வரவும் ஏற்பாடு.

இதில் திட்டமிடுபவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. கம்பி அகலமாக ஆக, அனுப்ப வேண்டியதும் பெருத்துக்கொண்டே போனது. செயற்கைக்கோள் படம் வந்தது. கம்ப்யூட்டர் போடும் பத்து நாள் கணிப்பு வந்தது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்ப முடியாது. ஆகவே வரிசை. எச்சரிக்கைக்கு முதலிடம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் அது 2 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று விதியே வைத்தார்கள். மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்டால், வங்கக் கடல் பதில் சொல்லும். 1964 டிசம்பர் 22 அன்று இலங்கையைக் கடந்து வந்த புயல், அன்றிரவே தனுஷ்கோடியை ஒரு பயணிகள் ரயிலோடு சேர்த்து விழுங்கியது. 1970 நவம்பரில் கிழக்கு பாகிஸ்தானை ஒரு புயல் தாக்கியது. குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். அமெரிக்கச் செயற்கைக்கோள் அந்தப் புயலைப் பார்த்திருந்தது. பார்த்து என்ன செய்ய? கடலோரத் தீவுகளில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தின் அளவு எட்டவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1972-ல், வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியிருக்கும் நாடுகளுக்கு ஒரு புயல் குழு அமைந்தது. இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, பர்மா, தாய்லாந்து. வருடத்தைத் திரும்பப் பாருங்கள். 1971-ல் யுத்தம் போட்டுக்கொண்டவர்கள், அடுத்த வருடமே புயலுக்காக ஒரே குழுவில். 2004-லிருந்து இவர்கள் கொடுத்த பட்டியலில் இருந்துதான் புயல்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். கஜா, அதாவது யானை, இலங்கை கொடுத்த பெயர்.

'சும்மா எதற்குக் கொடுக்க வேண்டும், விற்கலாமே?' என்றும் கேட்டார்கள். தொண்ணூறுகளில் சில ஐரோப்பிய நாடுகள் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தன. பெரிய வாக்குவாதம். 1995-ல் ஜெனிவாவில் முடிவெடுத்தார்கள். உயிர் காக்கும் அடிப்படைத் தகவலுக்குக் காசு கிடையாது, தடையும் கிடையாது. 2021-ல் அதை இன்னும் விரித்தார்கள். வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் இதுவே சரி. நான் போடுவது என் ஊர் எண்கள் மட்டும். எடுப்பது உலகம் முழுவதையும். இதைவிட லாபமான பற்று வரவு எந்தப் பேரேட்டில் இருக்கிறது? ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாரும் போட வேண்டும். ஓர் ஏழை நாட்டில் கருவி ரிப்பேராகி, கம்பியும் அறுந்து கிடந்தால், அந்த ஓட்டை எல்லாருடைய வரைபடத்திலும் விழும். வல்லரசின் வரைபடமும் தப்பாது.

2025 ஜனவரியில் பழைய தடத்துக்கு மாற்றாக, இன்டர்நெட்டை வைத்து ஒரு புதிய ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது உலக வானிலை நிறுவனம். கம்பிகள் மாறலாம். கணக்கு மாறாது. சாதாரண நாளுக்காக அல்ல, மோசமான நாளுக்காகத்தான் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

புதுக்கோட்டைக் கடற்கரைக்கு வாருங்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். இங்கிருந்து கிளம்பும் விசைப்படகு, பாக் நீரிணையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறது. படகு போகும், மாதக்கணக்கில் பிழைப்பும் போகும். அந்தச் சண்டை எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அதே கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்து எண்கள் தினமும் வந்துகொண்டிருக்கின்றன. என்றைக்கோ ஒரு நவம்பர் காலையில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் அழுத்தம் இறங்குவதைப் பார்த்து ஐந்து எண்களைக் குறித்து அனுப்புவார். டெல்லிக்கும் சென்னைக்கும் அது போய்ச் சேரும். அன்றைக்கு ஜெகதாப்பட்டினத்தில் படகுகள் கரையிலேயே நிற்கும்.