வானமா, டவரா? ஒரு கிராமத்து வீட்டின் இணையக் கதை

அமெரிக்கா என்றதும் வானுயர்ந்த கட்டிடங்களும் மின்னல் வேக இணையமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகவே கார் எடுக்க வேண்டிய பண்ணை வீடுகளும் அங்கே உண்டு. அந்த வீடுகளுக்கு இணையம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது சுவாரசியமான வரலாறு.

முதலில், கேபிள் ஏன் போகவில்லை? ஒரே ஒரு வீட்டுக்காகப் பல மைல் தூரம் கேபிள் இழுத்தால் போட்ட முதல் திரும்பாது. ஏற ஆள் இல்லாத ரூட்டில் பஸ் விடுவார்களா? அதே கணக்குதான்! எனவே டெலிபோன் லைனில் ஆமை வேக டயல்-அப் மட்டுமே மிச்சம்.

1996-ல் ஹியூஸ் நிறுவனம் டைரக்பிசி என்ற செயற்கைக்கோள் இணையத்தை வீடுகளுக்குக் கொண்டு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தகவல் வானத்திலிருந்து இறங்கும், ஆனால் வீட்டிலிருந்து அனுப்புவதற்கு அதே டெலிபோன் லைன் வேண்டும்! இரு வழியும் செயற்கைக்கோள் மூலமே என்பது 2000-2001 வாக்கில்தான் வந்தது.

அப்போதும் ஒரு பெரிய குறை இருந்தது. அந்தச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பவை. ஒரு கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே போல் மேலே போய்க் கீழே வர வேண்டும். மொத்தம் சுமார் 1,43,000 கி.மீ.! ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். நேருக்கு நேர் பேசுவதும் விளையாடுவதும் இதில் சிரமம். மாத அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து விடுவார்கள் என்பது இன்னொரு தலைவலி.

சரி, செல்போன் டவர்? 2012-ல் வெரைசான் நிறுவனம் வீட்டுக்கான 4ஜி இணையத்தை அறிமுகம் செய்தது. மாதம் 60 டாலருக்கு 10 ஜி.பி. மட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு ஜி.பி.க்கும் 10 டாலர் தனி. தாமதம் குறைவு, ஆனால் நான்கு சினிமா பார்த்தால் பர்ஸ் காலி!

காட்சி மாறியது 2019 மே மாதம். ஸ்டார்லிங்க் தன் முதல் 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பியது. இவை சுற்றிய உயரம் சுமார் 550 கி.மீ. மட்டுமே, அதனால் தாமதம் வெகுவாகக் குறைந்தது. 2020 அக்டோபரில் பொதுமக்களுக்கான சோதனைச் சேவை தொடங்கியபோது டிஷ் விலை 499 டாலர், மாதக் கட்டணம் 99 டாலர். மறுபக்கம் 2021 ஏப்ரலில் டி-மொபைல், டேட்டா வரம்பு இல்லாத வீட்டு இணையத்தை 60 டாலருக்குத் தந்தது. ஆனால் எந்த டவரில் கொள்ளளவு மிச்சம் இருக்கிறதோ, அங்கே மட்டும்தான்.

இங்கேதான் வணிகவியல் வருகிறது. டவருக்கு அக்கம்பக்கத்தில் ஆள் குறைந்தால் நஷ்டம். செயற்கைக்கோளுக்கோ ஒரே இடத்தில் ஆள் கூடினால் நெரிசல். 2023 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் இதை வெளிப்படையாகவே காட்டியது. கூட்டமான பகுதிக்கு 120 டாலர், இடம் மிச்சமுள்ள பகுதிக்கு 90 டாலர் என்று கட்டணத்தைப் பிரித்தது.

அரசு மானியமும் இந்தச் சிக்கலில் மாட்டியது. கிராமப்புற இணையத்துக்கான 2020 ஏலத்தில், 35 மாநிலங்களில் சுமார் 6.4 லட்சம் இடங்களுக்குச் சேவை தர ஸ்டார்லிங்க் 88.5 கோடி டாலர் மானியம் வென்றது. 2022 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஆணையம் அதை நிராகரித்தது. வாக்களித்த வேகத்தைத் தர முடியும் என்று நிறுவனம் நிரூபிக்கவில்லை என்பது ஆணையத்தின் வாதம். மக்களே 600 டாலர் டிஷ் வாங்க வேண்டியிருந்ததும் பேசப்பட்டது. நிறுவனம் முறையிட்டும் 2023 டிசம்பரில் அதே முடிவு உறுதியானது. அந்த மானியத்தால் பயன் பெற்றிருக்க வேண்டிய வீடுகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

எனவே எது உயர்ந்த தொழில்நுட்பம் என்று கேட்பதில் அர்த்தமில்லை. டவர் சிக்னல் நன்றாக வரும் வீட்டுக்கு டவர்தான் மலிவு. சிக்னலே எட்டாத, ஆனால் மரம் மறைக்காத திறந்த வானம் உள்ள வீட்டுக்குச் செயற்கைக்கோள். அந்தத் தேர்வைப் பாதி முடித்து வைப்பது வீட்டுக்காரர் அல்ல, அவருக்கு எத்தனை அண்டை வீட்டார் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைதான்!