காத்தல் என்னும் மூன்றாவது தொழில்

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தார்கள். 1892-இல் பிறந்தது, வசந்தா மில், நகரசபைத் துணைத் தலைவர் பதவி, டில்லி மத்திய சட்டசபையின் தலைவர் நாற்காலி, சர் பட்டம், 1953-இல் மறைந்தது ஆகியவற்றைக் கோவைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வணிகக் குடியில் பிறந்து, பஞ்சும் நூலும் பேசும் வீட்டில் வளர்ந்த ஒருவரிடம் நாட்டின் கருவூலச் சாவியைக் கொடுத்தது முறைதானா? முறைதான் என்பது என் கட்சி. அதை நிறுவப் புகழ்மாலை உதவாது. வள்ளுவர் வைத்துப்போன உரைகல்லில் அவரை உரைத்துப் பார்த்தாக வேண்டும்.

இறைமாட்சி அதிகாரத்தில் அரசுக்கு நான்கு தொழில்களை வள்ளுவர் வகுக்கிறார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது முதலாவது. வந்ததைத் திரட்டுவது இரண்டாவது. திரட்டியதைப் பேணுவது மூன்றாவது. பேணியதைப் பங்கிட்டுச் செலவிடுவது நான்காவது. மற்ற மூன்றையும் யாரும் எளிதில் விளங்கிக்கொள்வர். பரிமேலழகரின் நுட்பம் மூன்றாவதில்தான் தெரிகிறது. யாரிடமிருந்து காப்பது என்று தாமே கேட்டுக்கொண்டு, பகைவரையும் கள்வரையும் சொன்னவர் அத்தோடு நிற்கவில்லை. அரசனுடைய சுற்றத்தாரையும் அவனுக்காக வினைசெய்வாரையும் அதே வரிசையில் வைத்துவிட்டார். கருவூலத்தில் கை வைக்கும் உறவினரையும் அதிகாரியையும் கள்வனோடு ஒன்றாக எண்ணிய உரையாசிரியரின் துணிவை நம் தமிழாசிரியர்கள் போதிய அளவு வியந்ததில்லை. இதனோடு நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறர் பொருளைத் தன் பொருள்போலப் பேணுவதே வணிகனுக்கு வணிகம் என்பது அதன் கருத்து. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலை நெஞ்சத்தை நுகத்தடியின் நடு ஆணிக்கு ஒப்பிடுகிறது. ஆக, வணிகன் என்ற பெயரே கருவூலத்துக்கு ஆகாது என்ற எண்ணம் நம் நூல்களில் இல்லை.

வழிகளை உண்டாக்கும் தொழிலுக்குக் கொச்சியே சான்று. 1935 முதல் 1941 வரை அவர் அங்கே திவானாக இருந்தார். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் காயலைத் தூர்வாரி, எடுத்த மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகம் என்பது ஒரு நாட்டின் வரவுப் பக்கம் என்று பேரேடு பார்த்து வளர்ந்தவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. திரட்டும் தொழிலுக்கு ஸ்டெர்லிங் நிலுவையைச் சொல்லலாம். உலகப்போரின்போது இந்தியாவிடமிருந்து பொருளாகவும் உழைப்பாகவும் பெற்றுக்கொண்டதற்கு இங்கிலாந்து நமக்குக் கடன்பட்டிருந்தது. 1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் அந்தக் கடனைப் பற்றிக் கேள்வி எழுப்பிய இந்தியக் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். 1948 ஜூலையில் லண்டனில் அதுபற்றி உடன்பாடு கண்டபோது அவர் நிதியமைச்சர். வரவேண்டிய பாக்கியை விடாமல் கேட்பது கடைக்காரன் குணம் என்று சிலர் இகழக்கூடும். அந்தக் குணம் நாட்டுக்கு அன்று வேண்டியிருந்தது.

1947 நவம்பர் 26-இல் அவர் படித்த முதல் வரவு செலவுத் திட்டத்தில் வகுத்தல் என்னும் நான்காவது தொழிலைக் காணலாம். ஏழரை மாதக் கணக்கு அது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி; எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு ஏறத்தாழ 22 கோடி. துண்டு விழுந்த தொகையைக் கொஞ்சமேனும் அடைக்க அவர் தேர்ந்த வரியைத்தான் வாசகர் கவனிக்க வேண்டும். வெளிநாடு செல்லும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி! மில்காரர் கையில் சாவியைக் கொடுத்தால் மில்லுக்குத்தான் திறப்பார் என்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டாம்.

1932-இல் ஒட்டாவா மாநாட்டில் பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சுங்கச் சலுகை தர இசைந்து வந்தவர் அல்லவா என்று கேட்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் நாம் பெற்றது குறைவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உலகமே மந்தத்தில் கிடந்து, வாங்க ஆளில்லாமல் சரக்கு தேங்கிய வேளையில், உள்ள சந்தையைப் பிடித்துக்கொள்ள நினைத்தது பிழைக் கணக்கு ஆகலாம், துரோகம் ஆகாது. 1934 தேர்தலில் அதற்கான விலையையும் அவர் கொடுத்துவிட்டார். நீதிக்கட்சிக்காரர் நேரு அமைச்சரவையில் எப்படி என்பது பழைய வம்பு. காங்கிரஸைச் சேராத அம்பேத்கரும் சியாமா பிரசாத் முகர்ஜியும் அதே அமைச்சரவையில் இருந்தவர்கள்.

கடினமான கேள்வி 1948 ஆகஸ்டில் எழுந்தது. போர்க்காலத்தில் வரி ஏய்த்தவர்களை ஆராய அமைந்த வருமான வரி விசாரணை ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அவர்களுள் கோவை மில் முதலாளிகளும் உண்டு என்று பேச்சு எழுந்தது. அந்த யோசனை அதிகாரிகளிடமிருந்து வந்தது என்று அவருக்காகப் பேசுவோர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் சுற்றத்தாரும் வினைசெய்வாரும் என்று பரிமேலழகர் சேர்த்தே எச்சரித்த இடம் இது. தம்மோடு தொழில் செய்தவர்களின் பெயர் தாளில் வரும்போது கையெழுத்திடும் கை இருமடங்கு தயங்கியிருக்க வேண்டும், தயங்கவில்லை. காத்தலில் அவர் வழுக்கினார் என்று எழுதுவது இந்த மலருக்குக் குறைவாகாது. பழியை அதிகாரி தலையில் போட்டுவிட்டு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிராமல், பதவியேற்று ஓராண்டும் இரண்டு நாளும் ஆன 1948 ஆகஸ்ட் 17-இல் அவர் விலகினார். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியன், உண்மை தெரிந்த நொடியில் குற்றம் தனதே என்று அரியணையிலிருந்து வீழ்ந்ததைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் பாடினார். செட்டியார் உரை கண்டதோ புகார்க் காண்டத்துக்கு. வழக்குரை காதை மதுரைக் காண்டத்தில் இருக்கிறது. அந்தக் காதையின் நீதியை அவர் பதவி விலகல் கடிதத்தில் எழுதினார் என்று கொள்வேன்.

மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அவருடைய புகார்க் காண்ட உரையையும் 1947 நவம்பர் உரையின் தமிழாக்கத்தையும் ஒரே நூலாக அச்சிட்டு, கல்லூரி மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் தாருங்கள். செலவைக் கோவை மில்காரர்கள் ஏற்கட்டும்.